பியூலா மேடம் கேட்ட மத்தியானச் சாப்பாட்டுக் கேள்வி

பியூலா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். கல்யாணம் எதுவும் இல்லை. பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நம் பக்கத்து மண்டபங்களெல்லாம் கல்விக் கண்காட்சிக்குப் போய்விடும் என்பது நம் கல்லூரியின் பழைய மாணவர்களான உங்களுக்குத் தெரியும். பந்தி பரிமாறும் கூடத்தில் வரிசையாகக் கல்லூரிகளின் மேசைகள் போட்டிருந்தார்கள். நம் கல்லூரி மேசையில் உட்கார்ந்து ஒரு தம்பதிக்குக் கல்லூரிப் பேருந்து எந்தெந்த ஊர் வழியாக வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மேடத்தின் கணவர் சாமுவேல் அண்ணன் கூப்பிட்டார். "காலைல போயிட்டா பாஸ்கர். தூக்கத்துலயே" என்றார். தம்பதியைப் பக்கத்திலிருந்த உதவிப் பேராசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, மண்டபத்தின் பின்பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி அருகே போய் நின்றேன்.

அங்கே நின்றபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை சாயங்காலம்தான் வந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது பொய் கலந்தால் அவருக்கே பொறுக்காது. ஏழு மாதமாக அவர் பட்ட வலி முடிந்தது என்பது அந்த நிம்மதியில் ஒரு பாதி. மறுபாதிக்குக் காரணம் நான். நான் செய்த ஒரு தப்பின் பழியை இரண்டு வருடம் அவர் சுமந்தார். அது அவர் தலையிலிருந்து இறங்கிய பிறகுதான் போனார். அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் நம் பொறியியல் கல்லூரியில் நான் சேர்க்கைப் பிரிவைப் பார்க்கிறேன். ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. பியூலா மேடம் வேலைவாய்ப்புப் பிரிவின் அதிகாரி. சேர்த்த பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப்பும் வேலையும் தேடிக்கொடுப்பது அவர் பாடு. "நீங்க வாசல்ல நின்னு வாக்குக் குடுக்குறீங்க, நான் கொல்லைல நின்னு நிறைவேத்துறேன்" என்று கிண்டல் செய்வார். கிண்டல் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் பொறையாறு. லூத்தரன் குடும்பம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் பல வருடங்கள் இருந்துவிட்டு, சாமுவேல் அண்ணன் ஓய்வு பெற்றதும் தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். நம் கல்லூரியில் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. சேர்ந்த முதல் வாரமே என் அறைக்கு வந்து, நான் அச்சடித்து வைத்திருந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அது என் மூளையில் உதித்த ஒப்பீட்டு அட்டவணை. சுற்று வட்டாரத்தில் ஏழு கல்லூரிகள்; இன்டர்ன்ஷிப், வேலைவாய்ப்பு, நேர்காணல் பயிற்சி, விடுதி என்று வரிசைகள். நம் கல்லூரிக்கு எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக். மற்றவர்களுக்கு ஆங்காங்கே சிவப்பு இன்ட்டு. வண்ணத்தில் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். எனக்கு அதில் பெருமை உண்டு.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இந்தச் சிவப்பு இன்ட்டெல்லாம் யாரு போய்ப் பாத்துட்டு வந்து போட்டது?" என்று கேட்டார். பொதுவாக எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றேன். "எல்லாரும்னா யாரு, நீங்களும் அச்சாபீஸ்காரருமா?" என்றார். சிரித்துக்கொண்டே ஒரு நோட்டீஸை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் முழுக்க அவருடைய சாயங்காலங்கள் பேருந்து நிறுத்தங்களில் கழிந்தன. நான்தான் வண்டியில் அழைத்துப் போவேன். ஒரு நாளைக்கு ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரி விடும் நேரத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். கடைசி வருடப் பிள்ளைகளாகப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார். அக்காவோ அத்தையோ விசாரிப்பது போல இருக்கும். இன்டர்ன்ஷிப் போனீர்களா என்பார். எல்லாப் பிள்ளைகளும் போனேன் என்றுதான் சொல்லும். எந்த நிறுவனம் என்றால் ஒரு பெயரும் சொல்லும். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வரும்.

"அங்க மத்தியானம் எங்கப்பா சாப்பிட்டீங்க?"

இது ஏன் என்று புரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பக்கம் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வாங்க எங்கேயும் போக வேண்டிய அவசியமில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஒரு 'நிறுவனம்' இருக்கும். பெயரைக் கொடுத்தால் முப்பது நாள் பயிற்சி முடித்ததாக, முத்திரையோடு தாள் வந்துவிடும். கல்லூரிகளும் அந்தத் தாள்களைக் கூட்டித்தான் 'அனைவருக்கும் இன்டர்ன்ஷிப்' என்று விளம்பரம் போடுகின்றன. ஆனால் நிஜமாகவே ஒரு மாதம் ஒரு இடத்துக்குப் போய்வந்த பிள்ளையிடம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நிறுத்த முடியாது. கேன்டீனில் சாம்பார் தண்ணீர் மாதிரி இருக்கும் என்பான் ஒருவன். கேட்டுக்கு வெளியே ஒரு அக்கா தள்ளுவண்டியில் எலுமிச்சை சாதம் போடுவார், பன்னிரண்டரைக்குப் போகாவிட்டால் தீர்ந்துவிடும் என்பாள் ஒருத்தி. போகாத பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லத் தயாராக வந்தவர்கள் சாப்பாட்டுக்குத் தயாராக வந்திருக்க மாட்டார்கள்.

நான் சிவப்பு இன்ட்டு போட்டிருந்த ஒரு கல்லூரியில், நிறுத்தத்தில் நின்ற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை நம் கல்லூரி நிறுத்தத்திலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார். அப்போது அவர் புதியவர் என்பதால் பிள்ளைகளுக்கு அவரைச் சரியாக அடையாளம் தெரியவில்லை. அதே கேள்வி. இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் வெள்ளந்தியாக, "வீட்லதான் மேடம் சாப்பிட்டோம்" என்றான். பக்கத்தில் நின்றவன் அவனை முழங்கையால் இடித்தான்.

திரும்பும் வழியில் நான் வள்ளென்று விழுந்தேன். நம் வீட்டை நாமே துப்பறிவதா என்று கேட்டேன். அவர் அமைதியாக, "ஊரான் காலேஜுக்கு இன்ட்டு போட்டப்ப உங்களுக்குக் கை கூசல. நம்ம காலேஜ்னதும் கோவம் வருதா?" என்றார். அந்த வருடம் நோட்டீஸ் அட்டவணை இல்லாமல் வந்தது. தாளாளர் காரணம் கேட்டபோது, அச்சாபீஸில் வண்ணம் சரியாக வரவில்லை என்று சமாளித்தேன்.

அதன் பிறகு அவர் வேலை பார்த்த வேகத்தை உங்களில் பலர் நேரிலேயே கண்டவர்கள். ஓசூர், கோயம்புத்தூர், சென்னை என்று தம் பழைய தொடர்புகள் எல்லோரையும் பிடித்து உலுக்கினார். பிள்ளைகள் நிஜமாகவே போக ஆரம்பித்தார்கள். முதல் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் வரும். சாப்பிட்டியா, எங்கே, என்ன என்று விசாரிப்பார். "சாப்பாட்டு மேடம்" என்று நீங்கள் அவருக்குப் பெயர் வைத்தது அவருக்குத் தெரியும். அதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

பெற்றோர்கள் கல்லூரிகளை ஒப்பிட்டுக் கேட்டால் மறைக்கவே மாட்டார். கம்ப்யூட்டர் படிப்புக்கு இன்ன கல்லூரியில் நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவார். நான் நாலு நாள் நடையாய் நடந்து அழைத்துவந்த குடும்பம் அப்படியே எழுந்து போகும்போது எனக்கு வயிறு எரியும். தாளாளரிடம் போய்ப் புகார்கூடச் சொல்லியிருக்கிறேன். தாளாளர் கூப்பிட்டு விசாரித்தபோது மேடம் சொன்ன பதில் இது: "சேர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சா அவங்களுக்கு வேற காலேஜ் இருக்குங்க சார். சேர்ந்தப்புறம் தெரிஞ்சா அவங்க எங்க போவாங்க?" தாளாளர் என் புகாரை அத்தோடு விட்டுவிட்டார். இருந்தும் நான் மாறவில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஐந்து வருடத்துக்கு முன், சேர்க்கை மும்முரமாக நடக்கும் நேரத்தில், மேடத்துக்குப் புற்றுநோய்க்காக முதல் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் விடுப்பில் இருந்தார். உணவுத் தொழில்நுட்பம் என்று ஒரு புதிய படிப்பைக் கல்லூரி அந்த வருடம்தான் தொடங்கியிருந்தது. சீட்டுகள் காலியாகக் கிடந்தன. அதை நிரப்பும் பொறுப்பு என் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

நன்னிலம் பக்கத்தில் ஒரு ஊரில் கலியபெருமாள் என்பவர் வீட்டுக்குப் போனேன். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம் வைத்துச் சாகுபடி செய்பவர். மகள் கனிமொழி நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். அவளுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியிலும் அதே படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அந்தப் பெண் ஒரு நோட்டுத் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இரண்டு கல்லூரிகளையும் ஒப்பிட்டு எழுதி வைத்திருந்தாள். பேருந்து, விடுதி எல்லாம் எழுதியாகிவிட்டது. இன்டர்ன்ஷிப் என்ற வரியில் திருச்சிப் பக்கம் 'உண்டு' என்று எழுதியிருந்தது. நம் பக்கம் காலி. அவள் நேராக என்னிடம், "மூணாவது வருஷம் இன்டர்ன்ஷிப் காலேஜே ஏற்பாடு பண்ணிக் குடுக்குமா சார்?" என்று கேட்டாள்.

சென்னையில் ஒரு உணவு நிறுவனத்தோடு நமக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்றேன். ஒப்பந்தம் எதுவும் இல்லை. அந்த நிறுவனத்திலிருந்து, வாய்ப்பிருந்தால் பரிசீலிக்கிறோம் என்று வந்த ஒரு மரியாதைக் கடிதம் மட்டும் என் கோப்பில் இருந்தது. அதன் நகலை எடுத்துக் கலியபெருமாள் கையில் கொடுத்தேன். ஆங்கிலக் கடிதம், நிறுவனத்தின் பெயர் தலைப்பில் தடித்த எழுத்தில். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மகளிடம் காட்டாமலேயே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சார் சொல்றாருல்ல, எழுதிக்கம்மா" என்றார். அவள் 'உண்டு' என்று எழுதினாள். திருச்சி சீட்டை விட்டுவிட்டார்கள்.

ஒரு பொய் சொன்னால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் கெடும் என்றெல்லாம் எழுதி உங்களை ஏமாற்ற மாட்டேன். வழியில் காபி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இரண்டரை வருடம் கழித்து அந்தக் கேள்வி திரும்பி வந்தது. உணவுத் தொழில்நுட்பப் பிள்ளைகள் பதினான்கு பேரும் வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போய், சென்னைக்கு எப்போது போகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். மேடம் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். ஒப்பந்தம் இருப்பதாக நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கடிதத்தைத்தான் காட்டினேன், அவர்களாகத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சப்பைக்கட்டு கட்டினேன். அவர், "சரி. இப்ப அந்தப் புள்ளைங்களுக்கு ஒரு எடம் வேணும்" என்று எழுந்து போய்விட்டார்.

சென்னை நிறுவனம் கையை விரித்துவிட்டது. மேடம் நம் பக்கத்து நவீன அரிசி ஆலைகளில் ஏறி இறங்கினார். ஆலைக்காரர்கள் படிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தட்டிக்கழித்தார்கள். ஒரு முதலாளி மட்டும் பேச்சுவாக்கில், உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வரும் நெல் அரைக்கும்போது அதிகமாக நொறுங்கி நொய்யாகப் போகிறது, காரணம் பிடிபடவில்லை என்று புலம்பியிருக்கிறார். மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதம் பிள்ளைகள் மணிக்கொரு தரம் சூட்டையும் ஈரப்பதத்தையும் அளந்து எழுதுவார்கள், அவருக்குக் காரணம் கிடைக்கும், அவர்களுக்குப் பயிற்சி கிடைக்கும் என்று பேசி முடித்தார்.

கலியபெருமாள் மறுநாளே கல்லூரிக்கு வந்துவிட்டார். அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, அரிசி மில்லில் நெல் அவிப்பதைப் பார்க்கவா மகளை இன்ஜினியரிங் சேர்த்தேன், அதை என் வீட்டு வாசலிலேயே பார்க்க மாட்டாளா என்று கேட்டார். நல்ல மனிதர்தான், அன்றைக்கு அவருக்கு நிதானம் இல்லை. நான் பக்கத்து அறையில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. "அட்மிஷன் சார் அக்ரிமென்ட் இருக்குன்னு லெட்டரே காட்டுனாரு. அத என்ன பண்ணீங்க?" என்று அவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. மேடம் இப்போது என்னைக் கூப்பிடுவார் என்று நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கூப்பிடவில்லை. "லெட்டர் வந்தப்ப நான் ஆஸ்பத்திரில இருந்தேங்க ஐயா. ஃபாலோ பண்ணாம விட்டது என் தப்பு" என்றார்.

கலியபெருமாள் அதற்கு மேலும் பேசினார். பொறுப்பில்லாதவர், உடம்பு முடியாவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்றெல்லாம் சொன்னார். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து, பழைய தெம்பு இன்னும் திரும்பாத ஒரு பெண்மணி அதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டார். நான் எழுந்து போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு அடி தூரம். நான் போகவில்லை. இதைவிட வெட்கப்படும்படி நான் எதுவும் செய்ததில்லை.

அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல, "காபி குடிச்சாச்சா பாஸ்கர்?" என்றார். அதற்குப் பதில் நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவர் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். நான் அவரைப் பார்த்தால் வராந்தாவில் வழி மாறிப் போகத் தொடங்கினேன்.

பிள்ளைகள் ஆலைக்குப் போனார்கள். முதல் நாள் ஒரு மணிக்கு மேடத்தின் போன் போயிற்று. உலர்த்தும் இயந்திரத்தில் கடைசிக் கட்டத்துச் சூடு அதிகம் என்பதை அந்தப் பிள்ளைகள் எழுதிவைத்த கணக்கு காட்டிக்கொடுத்தது. சூட்டைக் குறைத்ததும் நொய் குறைந்தது. கடைசி வருடத்தில் கல்லூரிக்கு நேர்காணலுக்கு வந்த ஒரு நிறுவனத்திடம் கனிமொழி அந்த ஒரு மாதத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாளாம். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் மேடத்தின் மீது விழுந்த பழி அப்படியேதான் இருந்தது. ஒப்பந்தம் இருந்தது, மேடம் கோட்டை விட்டார், பிறகு எப்படியோ சரிக்கட்டினார் என்றுதான் கலியபெருமாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் மேடத்துக்கு நோய் திரும்பியிருந்தது. இனி அதிக நாள் இல்லை என்று சாமுவேல் அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார். மேடம் அந்தக் கெட்ட பெயரோடேயே போய்விடுவாரோ என்ற பயம் என்னை அரித்தது. வாயைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை.

இந்த மாசி மாதம் கலியபெருமாளுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் வைத்திருந்தார். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பத்திரிகை வைத்தார். மேடத்தால் கொஞ்ச தூரம் நடப்பதே கஷ்டம். இருந்தும் போயே தீர வேண்டும் என்றார். பொறையாறு பக்கத்தில்தான், பிறந்த ஊர்க் காற்றையும் வாங்கிவிட்டு வரலாம் என்றார். சாமுவேல் அண்ணனுக்கு முழங்கால் வலி. அதனால் நான் காரில் அழைத்துப் போனேன்.

கோயிலில் வழக்கம்போலக் கூட்டம். ஒரே காலையில் எத்தனையோ ஜோடிகள், எத்தனையோ கலசங்கள். மேடம் உள்ளே வரவில்லை. சாப்பாடு நடக்கும் மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சடங்கு முடிந்து தம்பதி ஈரம் காயாமல் மாலையும் கழுத்துமாக மண்டபத்துக்கு வந்தார்கள். எல்லோரும் வரிசையில் நின்று அவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். என் முறை வந்தது. நானும் விழுந்தேன். கலியபெருமாள் என் தலையில் அட்சதை போட்டு, "நல்லா இருங்க சார். உங்க வார்த்தைய நம்பித்தான் பொண்ணச் சேத்தேன்" என்றார். வாழ்த்தாகத்தான் சொன்னார். இதற்கு மேல் மறைக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. எழுந்து அவரைச் சுவரோரம் அழைத்துப் போனேன்.

ஒப்பந்தம் என்று ஒன்று இருந்ததே இல்லை, உங்கள் வீட்டில் வைத்து நான் சொன்னது பொய், மேடம் எதையும் கோட்டை விடவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் மாலையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்த அம்மாவ நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேனே சார்."

தன்னை ஏமாற்றியது அவருக்கு இரண்டாம் பட்சமாக இருந்தது. என்னை அங்கேயே விட்டுவிட்டு மேடம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்தார். ஊரே தன் காலில் விழுந்துகொண்டிருந்த நாளில், மாலையோடு, மேடத்தின் முன்னால் கை கூப்பி நின்றார். தெரியாமல் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். மேடம் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் அவரிடம், "பொண்ணு நல்லா இருக்கால்ல, அது போதும். மாலை கனமா இருக்கும், மொதல்ல உக்காருங்க" என்றார். கலியபெருமாள் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மனைவியையும் மகளையும் கூப்பிட்டு, நான் சொன்னதை அப்படியே அவர்களிடம் சொன்னார். கனிமொழி என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

திரும்பும் வழியில் மயிலாடுதுறை தாண்டும்வரை மேடம் அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"எனக்கு உங்க மேல கோவம் இருந்துச்சு பாஸ்கர். இல்லன்னு சொன்னா பொய். ரெண்டு வருஷமா இருந்துச்சு. இன்னைக்கு இல்ல."

அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்ன காரணத்தில் என் மேல் கருணை எதுவும் இல்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், இந்தக் கல்லூரியே பொய் என்று கலியபெருமாள் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பார். மில்லுக்கு அனுப்பியிருக்க மாட்டார். மற்ற பதின்மூன்று பெற்றோரும் பின்னாலேயே போயிருப்பார்கள். "அந்த நேரத்துல எனக்குப் புள்ளைங்க போய்ச் சேர்றதுதான் முக்கியம். நீங்க இல்ல" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். நிம்மதியான தூக்கம். அவர் தூங்குவதைப் பார்த்தபோதுதான் எனக்கும் உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது. கும்பகோணம் வரும்வரை கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

அதன் பிறகு இரண்டரை மாதம் இருந்தார். வாரம் இரண்டு முறையாவது போய்ப் பார்த்தேன். வழி மாறிப் போகவேண்டிய அவசியம் இல்லாமல், நேராக வாசல் வழியே போக முடிந்தது. கனிமொழி அவருக்கு நிறுவனத்திலிருந்து தினமும் போன் செய்து என்ன சாப்பிட்டேன் என்று சொல்வாளாம். மேடத்தால் அப்போது கஞ்சி தவிர எதுவும் இறங்காது. இருந்தாலும் அவள் சொல்லும் குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டுக்கொள்வார்.

பொறையாறில் அடக்கம் நடந்தது. ஓசூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். போதகர் ஜெபம் முடித்து, எல்லோரும் ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு வெளியே வந்தோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் கலியபெருமாள் நின்றுகொண்டிருந்தார். நன்னிலத்திலிருந்து பேருந்தில் வந்திருந்தார். திருக்கடையூருக்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். பிறகு அவர், தங்கை மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், மெக்கானிக்கல் கேட்கிறான், உங்கள் கல்லூரியா திருச்சியா என்று வீட்டில் ஒரே குழப்பம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அந்தப் படிப்பில் நம் கல்லூரியில் இன்னும் சீட்டு நிரம்பவில்லை. தாளாளர் காலையில்தான் நினைவூட்டியிருந்தார்.

"திருச்சிதாங்க ஐயா நல்லது" என்றேன். "அங்க சுத்துவட்டாரத்துல பட்டறைங்க நெறைய. பசங்க நெசமாவே போய்க் கத்துக்கிறாங்க. எங்ககிட்ட மெக்கானிக்கலுக்கு அது இன்னும் அமையல."

அவர் தலையாட்டிவிட்டு, அங்கேயே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். "திருச்சியே சேத்துடும்மா. காலேஜ் சாருகிட்டயே கேட்டுட்டேன். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பியூலா மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்னிடம் ஏமாந்த மனிதர் ஒருவர் என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியம். இருக்கிற காலம்வரை அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.